கிட்டார் செய்ய ஆறாயிரம் ரூபாயில் என்ன கைக்கருவிகள் வாங்கலாம்?

கேள்வி இதுதான்: "வாடகை வீட்டில் இருக்கிறேன். மொட்டை மாடியில் சின்னதாக ஒரு கொட்டகை உண்டு. அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்றை என் கையாலேயே செய்து பார்க்க ஆசை. மின்சாரக் கருவிகளை ஓட்டினால் கீழ்வீட்டில் சண்டை வரும். மரத்துக்குத் தனியாகப் பணம் வைத்திருக்கிறேன். கைக்கருவிகளுக்கு ஆறாயிரம் ரூபாய் வரை செலவழிக்க முடியும். எதை வாங்குவது, எதை விடுவது?"

ஆறாயிரம் போதும். ஆனால் அதைப் பிரித்துச் செலவழிக்கிற விதம் சாதாரணத் தச்சுவேலைக்கு வாங்குவதைப் போல இருக்கக்கூடாது. கிட்டாரில் பல இடங்கள் ஒரு மில்லிமீட்டர் பிசகைத் தாங்கிக்கொள்ளும். இடுப்பு வளைவு இரண்டு பக்கமும் துல்லியமாக ஒன்றுபோல் இல்லையென்றாலும் சத்தம் கெடாது. தலைப்பகுதி கொஞ்சம் அகலமாகிவிட்டாலும் வாசிப்பவருக்குத் தெரியாது. மூன்று இடங்கள் மட்டும் விட்டுக்கொடுக்காது: ஃபிரெட் எனும் குறுக்குக் கம்பிகளைப் பதிக்கும் காடிகள் விழும் இடம், அந்தக் கம்பிகள் பதியும் ஃபிங்கர்போர்டின் சமதளமும் நெக் (கழுத்து) உடம்போடு சேரும் கோணமும், மேற்பலகையின் தடிமன். காசு இந்த மூன்றுக்கும் போகட்டும். மற்றதற்கெல்லாம் இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம், அல்லது நீங்களே செய்துகொள்ளலாம்.

ஃபிரெட் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை நம்ம ஊர் வீணையோடு வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும். தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகளும் கரி கலந்த மெழுகின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. செய்பவர் காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றையும் நகர்த்தி வைக்கிறார். பின்னால் சுருதி விலகினால் மெழுகை இளக்கித் திரும்ப வைக்கலாம். கிட்டாரில் அந்த வசதி கிடையாது. ரம்பம் எங்கே இறங்கியதோ அங்கேதான் ஸ்வரம். அதனால் கிட்டார் வேலையில் மிக முக்கியமான கருவிகள் அந்த ரம்பமும் அதற்குக் கோடு போடும் அளவுகோலும்தான்.

கருவிக்கு முன்னால் ஒரு முடிவு எடுக்க வேண்டும். முதல் கிட்டாரை நைலான் தந்திக் கிட்டாராகச் செய்யுங்கள். இரும்புத் தந்திக் கிட்டாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். நைலானில் அது 40 கிலோ அளவுதான். நெக்குக்குள் இரும்புக் கம்பி போட வேண்டாம், அதற்கு நீளமாகக் காடி தோண்டவும் வேண்டாம். ஃபிங்கர்போர்டு தட்டையாகவே இருக்கும் என்பதால் வளைவு கொடுக்கும் அச்சுக்கட்டைகளும் வேண்டாம். ஸ்பானிய முறையில் நெக்கின் அடிக்கட்டையில் இரண்டு பக்கமும் ரம்பத்தால் காடி அறுத்து, பக்கப்பலகைகளை அதற்குள்ளேயே செருகிவிடுகிறார்கள். நெக்கை உடம்போடு இணைக்க, புறாவின் வால்போல் விரிந்த ‘புறாவால்’ மூட்டு வெட்டுகிற வேலையும், அதற்கான கருவிகளும் மிச்சம். இந்த ஒரு முடிவிலேயே உங்கள் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

சரி, முதலில் வாங்க வேண்டியது உளியும் இழைப்புளியும் இல்லை, அவற்றைத் தீட்டுவதற்கான சாமான்கள். விலை உயர்ந்த உளி மழுங்கிக் கிடந்தால் மலிவான கூரிய உளிக்கு அது ஈடாகாது. மெல்லிய மேற்பலகையில் மழுங்கிய அலகை ஓட்டினால் மரம் சீவப்படாது, பிய்ந்து வரும். கண்ணாடிக் கடையில் 8 அல்லது 10 மி.மீ. தடிமனில் வெட்டுத்துண்டு கேளுங்கள். ஒரு அடி நீளம் போதும். கிரானைட் கடையில் சமையல் மேடைக்கு அறுத்ததில் மிஞ்சிய பாலிஷ் துண்டும் நல்லதுதான். அதன் மேல் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டு ஒட்டிக்கொள்ளுங்கள்: 220, 400, 800, 1500 அல்லது 2000 நம்பர். உளியின் முதுகுப்பக்கத்தை முதலில் தட்டையாக்குங்கள். முழு நீளமும் வேண்டாம், நுனியிலிருந்து ஒரு அங்குலம் கண்ணாடிபோல் ஆனால் போதும். அப்புறம் சாய்வுப் பக்கத்தை 25 டிகிரியில் தேய்த்து, கடைசி நுனியை மட்டும் 30 டிகிரிக்கு ஏற்றி நான்கைந்து தேய்ப்பு. பழைய பெல்ட்டுத் தோலை ஒரு கட்டையில் ஒட்டி, பித்தளை பாலிஷ் கொஞ்சம் தடவி, அலகைப் பின்னோக்கி இழுத்தால் வேலை முடிந்தது. தீட்டிய உளியைப் பைன் மரத்தின் வெட்டுமுகத்தில், அதாவது நார் முடியும் பக்கத்தில், கையாலேயே தள்ளிப் பாருங்கள். வெட்டிய இடம் வெளுத்துத் தூள் தூளாக இருந்தால் இன்னும் தீட்ட வேண்டும். மெழுகுபோல் பளபளத்தால் சரி. இந்த ஏற்பாட்டுக்கு ஐந்நூறு ரூபாய் ஒதுக்கினால் தாராளம்.

உளியில் கால் இஞ்ச், அரை இஞ்ச், ஒரு இஞ்ச் என மூன்று எடுத்தால் முதல் கிட்டார் முழுக்க ஓடிவிடும். பத்து உளி கொண்ட செட் மலிவாகக் கிடைக்கிறதே என்று போகாதீர்கள்; அந்தக் காசுக்கு மூன்று நல்ல உளி வரும். மேற்பலகையின் உட்புறம் ஒட்டுகிற தாங்குகட்டைகளைச் சீவி ஒல்லியாக்குவதற்குத்தான் உளி அதிகம் வேலை செய்யும். அங்கே அகலமான உளியைக் கையால் தள்ளுவது மட்டும்தான், கொட்டாப்புளியே தேவைப்படாது. கடையில் வாங்கும்போது உளியின் முதுகைக் கண்ணுக்கு நேராக வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் மேடு விழுந்திருந்தால் வேண்டாம், அதைத் தட்டையாக்கக் கை விட்டுப்போகும். லேசாகக் குழிந்திருந்தால் கவலையில்லை.

இழைப்புளிதான் பட்ஜெட்டில் பெரிய துண்டைச் சாப்பிடும். இரண்டு வேண்டும். ஒன்று, ஒரே கையில் அடங்கும் பிளாக் பிளேன். இதைப் புதிதாக வாங்குங்கள். தாங்குகட்டை, ஓரம், தந்திகளைக் கட்டும் பிரிட்ஜ் என்று எல்லா இடத்திலும் இது கையிலேயே இருக்கும். இன்னொன்று நான்காம் நம்பர் அல்லது ஐந்தாம் நம்பர் இரும்பு இழைப்புளி. ஸ்டான்லியோ அனந்தோ, பழசாகக் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். வேலையை விட்டுவிட்ட தச்சர்களின் வீடுகள், காயலான் கடைகள், சென்னை என்றால் பாரிமுனை, புதுப்பேட்டைப் பக்கம் இப்படி எங்கேயாவது தட்டுப்படும். துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது தேய்த்தால் போய்விடும். பார்க்க வேண்டியது வேறு: அடித்தட்டில் விரிசல் இருக்கிறதா, வாய்ப்பகுதி உடைந்திருக்கிறதா, அலகில் இன்னும் ஒரு அங்குலமாவது மிச்சம் இருக்கிறதா, அலகை ஏற்றி இறக்கும் திருகு சுற்றுகிறதா. அடித்தட்டு கோணலாக இருந்தால் அதே கண்ணாடித்துண்டில் 80 நம்பர் உப்புத்தாளை ஒட்டித் தேய்க்கலாம். அடியில் மார்க்கரால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுத் தேயுங்கள். கோடு அழியாத இடம்தான் பள்ளம். முன்நுனி, வாய்க்கு முன்பகுதி, பின்நுனி இந்த மூன்றிலும் கோடு அழிந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் ஊரில் தச்சர்கள் வைத்திருக்கும் மரக்கட்டை இழைப்புளி மலிவாகக் கிடைத்தால் அதுவும் நல்ல சாமான்தான். சுத்தியலால் தட்டித் தட்டி அலகை அமைக்கப் பழகச் சில நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

இழைப்புளிக்கு அடுத்து மரத்தைச் சுரண்டும் தகடு. இதற்குக் காசே வேண்டாம். பழைய கைரம்பத்தின் தகட்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, விளிம்பை அரத்தால் நேராக்கி, கல்லில் தேய்த்து, ஸ்க்ரூடிரைவரின் தண்டால் அழுத்தி இழுத்தால் விளிம்பில் நுண்ணிய பிசிறு மடங்கும். அதுதான் வெட்டும். தூள் விழாமல் மெல்லிய சுருளாகச் சீவல் வந்தால் சரியாக அமைந்திருக்கிறது என்று அர்த்தம். நார் எதிரும் புதிருமாக ஓடுகிற ஈட்டி மரத்தில் இழைப்புளி பிய்த்தெடுக்கும் இடத்தில்கூட இது சுத்தமாகச் சீவும்.

இனி ரம்பம். கிட்டார் கடைகளில் விற்கும் ஃபிரெட் ரம்பம் உங்கள் பட்ஜெட்டில் பாதியை விழுங்கும். அது இல்லாமலே செய்யலாம், ஆனால் கவனமாக. ஃபிரெட் கம்பியில் காடிக்குள் இறங்கும் கீழ்த்தண்டு சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன். அதில் இருக்கும் முட்களோடு சேர்த்தால் 0.8 மி.மீ. பக்கம் வரும். காடி சுமார் 0.6 மி.மீ. இருந்தால் முட்கள் மரத்தைக் கவ்விக்கொள்ளும். காடி அகலமானால் ஃபிரெட் எழும்பிவிடும். குறுகலானால் இன்னொரு தொல்லை: ஒவ்வொரு ஃபிரெட்டும் ஆப்புபோல் மரத்தை விரித்து, எல்லாம் சேர்ந்து நெக்கையே பின்பக்கமாக வளைத்துவிடும்.

நம்ம ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண ஆக்ஸா பிளேடின் தகடு சுமார் 0.63 மி.மீ. பற்கள் இரண்டு பக்கமும் அலையாக வளைந்திருப்பதால்தான் அது அகலமாக அறுக்கிறது. அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேடு ஒன்றை எடுத்து, ஆயில் ஸ்டோனில் படுக்க வைத்து, பல் வரிசை கல்லில் படும்படி இரண்டு பக்கமும் மாறி மாறித் தேயுங்கள். சுத்தியலால் அடித்து நேராக்கப் பார்த்தால் கடினமான பிளேடு முறிந்துவிடும், கல்தான் சரி. கொஞ்ச நேரத்தில் பற்களின் பக்கவாட்டில் பளபளப்பு தெரியும். வீணான மரத்துண்டில் ஒரு வெட்டு போட்டு, மெக்கானிக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் ஃபில்லர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அதில் நுழைத்துப் பாருங்கள். 0.6 தகடு நுழைந்து 0.7 நுழையவில்லை என்றால் பிளேடு தயார். அப்புறம் இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவில் இந்தப் பிளேடை வைத்து, பற்கள் மட்டும் சரியாக 3 மி.மீ. வெளியே நீட்டும்படி இரண்டு முனைத் துளையிலும் போல்ட் போட்டு இறுக்குங்கள். சட்டம் பிளேடை வளையவிடாது, 3 மி.மீ. ஆழத்துக்கு மேல் இறங்கவும் விடாது. கோட்டின் மேல் சதுரமான ஒரு கட்டையை கிளாம்ப் போட்டு நிறுத்தி, அதன் ஓரத்தை ஒட்டியே அறுத்தால் காடி செங்குத்தாக விழும்.

இதில் செய்யக்கூடாத ஒன்று உண்டு: ரம்பத்தைச் செய்துவிட்டு அப்புறம் கம்பி வாங்குவது. முதலில் ஃபிரெட் கம்பியை வாங்கி, அதன் தண்டை வெர்னியரில் (தாடைகளுக்கு நடுவே வைத்துத் தடிமன் அளக்கும் கருவி) அளந்து, அதற்குத் தகுந்தபடி ரம்பத்தைத் தீர்மானியுங்கள். கம்பிக்குக் கம்பி தண்டு மாறும்.

மற்ற அறுப்புக்கெல்லாம் முதுகில் பட்டை வைத்த சின்ன ரம்பம் ஒன்று போதும். பலகையைப் பிளப்பது போன்ற பெரிய வேலைக்கு ரம்பம் வாங்கவே வேண்டாம். மரவாடியிலேயே, அல்லது அவர்கள் கைகாட்டும் அறுவை மில்லில், 4 மி.மீ. தடிமனுக்குப் பிளந்து வாங்கிக்கொள்ளுங்கள். அறுப்புக்கூலி கொஞ்சம்தான், கையால் பிளந்தால் மரமும் வீண், தோளும் வலிக்கும். நெக்குக்குத் தேக்கு வேண்டாம் என்பேன். தேக்கில் மணல் சத்து உண்டு, தீட்டிய அலகு சீக்கிரம் மழுங்கும். எண்ணெய்ப் பசையால் ஒட்டும் இடங்களைத் தனியாகத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டியும் வரும். மகோகனி கைக்கருவிக்கு இணங்கிப்போகும்.

அளவுக் கருவிகளில் கஞ்சத்தனம் வேண்டாம். 60 செ.மீ. எஃகு அளவுகோல், ஒரு மூலைமட்டம், ஒரு வெர்னியர். மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதித்துவிடலாம்: நேரான ஓரமுள்ள பலகையில் வைத்து ஒரு கோடு, அப்படியே திருப்பிப் போட்டு அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் வாங்குங்கள், விரிந்தால் அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள். ஃபிரெட் இடங்களை எப்போதும் நட்டிலிருந்தே (தலைப்பக்கம் தந்திகள் தாங்கி நிற்கும் சின்னக் கட்டை) அளக்க வேண்டும், முந்தைய ஃபிரெட்டிலிருந்து அல்ல. இல்லையென்றால் சின்னச் சின்னப் பிசகுகள் கூடிக்கொண்டே போகும். கிளாசிக்கல் கிட்டாருக்கு வழக்கமான 650 மி.மீ. தந்தி நீளம் என்றால் முதல் ஃபிரெட் 36.48, ஐந்தாவது 163.05, ஏழாவது 216.18, பன்னிரண்டாவது மிகச் சரியாக 325. மீதித் தந்தி நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் அடுத்த ஃபிரெட்டுக்கான தூரம் வரும். கணினியில் அச்சடித்த படத்தை ஒட்டி அறுக்கிறீர்கள் என்றால், ஒட்டுவதற்கு முன் பன்னிரண்டாவது கோடு 325-இல் இருக்கிறதா என்று எஃகு அளவுகோலை வைத்துப் பாருங்கள். பிரிண்டர் லேசாகச் சுருக்கி அடிப்பது சகஜம். கோட்டைப் பென்சிலால் போடாமல் கூரிய கத்திமுனையால் கீறுங்கள். ரம்பத்தின் பல் அந்தக் கீறலில் தானாக உட்காரும்.

மேற்பலகையின் தடிமன் இரண்டரை மி.மீ. பக்கம் வர வேண்டும். வெர்னியரின் தாடை ஓரத்தை மட்டும்தான் எட்டும், நடுவை எட்டாது. இதற்கென்று விற்கும் கருவி விலை அதிகம். தடித்த பிளைவுட்டில் ஒரு அடி ஆழத்துக்கு ‘ப’ வடிவத்தில் ஒரு சட்டம் வெட்டுங்கள். மேல்கையின் நுனியில் ஒரு போல்ட், கீழ்கையின் நுனியில் ஒரு மழமழப்பான குமிழ். இரண்டுக்கும் நடுவில் 2.5 மி.மீ. டிரில் பிட்டின் தண்டை வைத்து, போல்ட்டை அது தொடும் வரை இறக்கி, போல்ட்டின் நட்டை இறுக்கிப் பூட்டிவிடுங்கள். இப்போது பலகையை அந்த இடைவெளியில் நுழைத்துத் தள்ளினால் தடிமனான இடத்தில் நிற்கும். நின்ற இடத்தைப் பென்சிலால் சுழித்து, சீவி, மறுபடி தள்ளுங்கள். பலகை முழுக்கத் தடையில்லாமல் ஓடுகிறபோது சீவுவதை நிறுத்துங்கள். முதலில் இடைவெளியை 3 மி.மீ.க்கு வைத்து ஒரு சுற்று முடித்துவிட்டு 2.5-க்கு இறங்குவது பாதுகாப்பு. மேற்பலகைக்கு இவ்வளவு மெனக்கெடுவதில் நியாயம் இருக்கிறது. ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரெஸ் 1862-இல் முதுகையும் பக்கங்களையும் காகிதக்கூழ் அட்டையால் செய்து, மேற்பலகையை மட்டும் மரத்தில் போட்டு ஒரு கிட்டார் செய்தார். சத்தம் பெரும்பாலும் மேற்பலகையிலிருந்துதான் வருகிறது என்று காட்டுவதற்கு. அந்தக் கிட்டார் இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதுகுக்கு விலை உயர்ந்த மரம் தேடிக் கவலைப்படுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டிய கிட்டார் அது.

கிளாம்ப் விஷயத்தில்தான் நிறையப் பேர் காசைக் கொட்டுகிறார்கள். நான்கு சி கிளாம்ப் வாங்குங்கள், போதும். தாங்குகட்டைகளை ஒட்ட மூங்கில் பட்டைகள் இருக்கின்றன: மேசைக்கு மேலே உறுதியான ஒரு பலகை, அதற்கும் மேசைக்கும் உள்ள இடைவெளியை விடக் கொஞ்சம் நீளமாகச் சீவிய மூங்கில் பட்டைகள். வளைத்து நடுவில் செருகினால் அவை வில்லாக நின்று கீழே அழுத்தும். ஐரோப்பிய, அமெரிக்கப் பட்டறைகளிலும் இதே முறைதான், அங்கே கண்ணாடியிழைக் குச்சி வைக்கிறார்கள். பக்கப்பலகைகளின் உள் ஓரத்தில் வரும் பட்டிகளை ஒட்டத் துணி கிளிப் ஒரு டஜன் இரண்டு டஜன் வாங்கிக்கொள்ளுங்கள். பிடிப்புப் போதாவிட்டால் ஒவ்வொன்றின் மேலும் ரப்பர் பாண்ட் சுற்றலாம். முதுகுப்பலகையை மூடி ஒட்டும்போது பழைய சைக்கிள் டியூபை நீளமாக நாடாபோல் வெட்டி உடம்பைச் சுற்றி இழுத்துக் கட்டினால் எல்லா இடமும் சமமாக இறுகும். பஞ்சர் கடையில் கேட்டால் டியூபை இலவசமாகவே தருவார்கள்.

பக்கப்பலகையை வளைப்பதற்கு ஒரு அடி நீள இரும்புக் குழாய், அதைச் சுடுபடுத்த ஏதாவது ஒரு வழி. குழாயைப் பலகையில் உறுதியாகப் பூட்டிவிட்டு, உள்ளே ஹீட் கன் காற்றைச் செலுத்தலாம். அது இரவல் கிடைத்தால் போதும், சத்தமும் பெரிதாக வராது. தண்ணீர்த் துளி விழுந்தவுடன் உருண்டு துள்ளி ஓடினால் சூடு சரியாக இருக்கிறது. பலகை 2 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் வளைக்கும்போது முறியக்கூடும், ஆகவே தடிமனைத் திரும்ப ஒருமுறை பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். நனைத்து, குழாயின் மேல் வைத்து, மரம் இளகுவதைக் கை உணரும் வரை காத்திருந்து அழுத்துங்கள். அவசரப்பட்டு அழுத்துவதால்தான் பெரும்பாலும் விரிசல் விழுகிறது. தோல் கையுறை கட்டாயம்.

நெக்கை உருட்டுவதற்கு அரைவட்ட மர அரம் ஒன்று, அதே வடிவத்தில் நைசான இரும்பு அரம் ஒன்று. ஜேகே அரம் எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ஊசி அரம் ஒரு செட் நட் வேலைக்கு உதவும். நைலான் தந்திகள் தடிமனானவை என்பதால் நட்டுக்கென்று விற்கும் தனி அரங்கள் வேண்டியதில்லை. ஒலித்துளையின் வட்டத்துக்கு ஒரு மரச்சட்டத்தில் ஆணி ஒரு பக்கம், பேப்பர் கட்டர் பிளேடின் ஒரு துண்டு இன்னொரு பக்கம் பொருத்தினால் போதும். கொஞ்சம் கொஞ்சமாக, பல சுற்றாக வெட்டுங்கள். துளை போடக் கைத்துரப்பணமோ, ஒரு நாள் இரவல் வாங்கிய டிரில்லோ.

ஆறாயிரத்தை நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன்: இழைப்புளி இரண்டுக்கும் இரண்டாயிரத்து ஐந்நூறு, அளவுக் கருவிகளுக்கு ஆயிரம், உளிகளுக்கு எழுநூறு, தீட்டுவதற்கு ஐந்நூறு, அரங்களுக்கு அறுநூறு, சி கிளாம்புக்கு ஐந்நூறு. மிச்சத்தில் ரம்பமும் சில்லறைச் சாமான்களும். ஊருக்கு ஊர் விலை கொஞ்சம் மாறும். இழைப்புளி பழசாகச் சல்லிசாகக் கிடைத்தால் மிஞ்சும் பணத்தில் ஒரு டயல் கேஜ் (முள் காட்டும் தடிமன் அளவி) வாங்கி அந்த ‘ப’ சட்டத்தில் போல்ட்டுக்குப் பதில் பொருத்துங்கள். அடுத்தடுத்த கிட்டார்களுக்கும் அது உழைக்கும்.

இவ்வளவு குறைந்த சாமானில் நல்ல கிட்டார் வருமா என்ற சந்தேகம் இருந்தால் குயீன் இசைக்குழுவின் பிரையன் மேயை நினைத்துக்கொள்ளுங்கள். 1963-இல், பதினாறு வயதில், அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே தன் எலெக்ட்ரிக் கிட்டாரைச் செய்யத் தொடங்கினார். நெக்குக்குப் பழைய கணப்படுப்பின் மகோகனிச் சட்டம். அதிலிருந்த பூச்சித் துளைகளைத் தீக்குச்சியால் அடைத்தார். ஃபிரெட் அடையாளப் புள்ளிகள் அம்மாவின் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். கிட்டத்தட்ட இரண்டு வருடம் பிடித்தது. மரம் பழசு, பாகங்கள் பழசு, ஆனால் ஃபிரெட் வேலையில் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அதே கிட்டாரைத்தான் அவர் இன்றும் மேடையில் வாசிக்கிறார்.

கருவிகள் வந்தவுடன் கிட்டார் மரத்தில் கை வைக்க வேண்டாம். ஒரு அடி நீளப் பைன் துண்டில் எல்லாவற்றையும் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்: ஒரு முகத்தைச் சமமாக இழைப்பது, அதற்குச் செங்குத்தாக ஓரத்தை எடுப்பது. அப்புறம் ஃபிங்கர்போர்டுக்கு எடுத்து வைத்திருக்கும் மரத்தின் கழிவுத்துண்டில் பத்துக் காடி அறுத்து, பத்து ஃபிரெட் அடித்துப் பாருங்கள். பைனில் அடித்தால் எல்லா ஃபிரெட்டும் நன்றாக இறங்குவதுபோலத்தான் தெரியும். ஈட்டியிலோ கருங்காலியிலோ அடித்தால்தான் காடி சரியா என்பது பிடிபடும்: ரப்பர் தலைச் சுத்தியலால் இரண்டு மூன்று தட்டில் முழுக்க இறங்கி, குறடால் நுனியைப் பிடித்து இழுத்தாலும் அசையாமல் இருக்க வேண்டும். பத்தில் ஒன்பது அப்படி உட்கார்ந்தால் அசல் ஃபிங்கர்போர்டை எடுங்கள்.